மதுரைக்கும் ஒரு சகுரா இருக்கு: வேப்பம்பூ சீசன் எபிசோட்

மார்ச் கடைசி வந்தா என் போன் முழுக்க ஒரே பிங்க். என்கூட இன்ஜினியரிங் படிச்ச பையன் ஒருத்தன் டோக்கியோல வேலை பார்க்கிறான். சகுரா பூக்க ஆரம்பிச்சதும் போட்டோ மேல போட்டோவா வரும். சகுரா லாட்டே, சகுரா மோச்சி, மரத்தடியில நீல தார்ப்பாய் விரிச்சு ஆபீஸ் டீம் மொத்தமும் உட்கார்ந்து பெண்டோ டப்பா திறக்கிற போட்டோ. கடைசியா ஒரு மெசேஜ்: "நம்ம ஊர்ல இப்படி ஒரு பூ சீசன் இல்லையேடா மாப்ள."

இல்லைன்னு யார் சொன்னது? அதே மார்ச் கடைசியில, மதுரையில காலையில பைக் எடுக்கப் போனா சீட் மேல பொடிப்பொடியா வெள்ளைப் பூ கொட்டிக் கிடக்கும். அதைக் கையால தட்டி விட்டுட்டு ஆபீஸ் போறோம். அதுதான் நம்ம சீசன். வேப்பம்பூ. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். பங்குனி, சித்திரையில மதுரைப் பக்கம் பூக்கிற பூவை நாம எப்படித் திங்கிறோம், எப்படிக் குடிக்கிறோம், இன்னும் எத்தனை வருஷம் இதெல்லாம் கிடைக்கும்.

முதல்ல ஜப்பான்காரங்க என்ன பண்றாங்கன்னு பார்த்துடலாம். நான் நினைச்சிருந்தது, சகுரா ஃப்ளேவர்னா ஏதோ ரோஸ் எசன்ஸ் மாதிரி ஒண்ணுன்னு. இல்ல. சகுரா பூவுக்குப் பறிச்ச உடனே பெருசா வாசனையே கிடையாது. அடுக்கு இதழ் இருக்கிற செர்ரி வகைப் பூவைப் பறிச்சு, உப்பு போட்டு, உமே காய் ஊறுகாய்ல இருந்து வடியிற புளிப்புத் தண்ணியில ஊற வச்சுக் காய வைக்கிறாங்க. கிட்டத்தட்ட நம்ம வடு மாங்காய் டெக்னிக். அப்படி ஊறும்போதுதான் கூமரின்ங்கிற பொருள் வெளிய வந்து அந்த மணம் கிடைக்குது. சகுரா மோச்சின்னு ஒரு பலகாரம்: அரிசி மாவு, உள்ள இனிப்பு பயறு பூரணம், வெளிய உப்புல ஊறின செர்ரி இலை. ஓஷிமாங்கிற வகை மரத்தோட இலை. நம்ம பூரணக் கொழுக்கட்டையை இலையில மடிச்ச மாதிரின்னு வச்சுக்கோங்க. கூடவே மூணு கலர் உருண்டையைக் குச்சியில குத்தின டாங்கோ. "பூவை விட உருண்டை மேல்"னு அவங்ககிட்ட ஒரு பழமொழியே இருக்கு. பூ பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு திங்கத்தான் போறாங்கன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. நேர்மையான மக்கள்.

எனக்குப் பிடிச்சது சகுராயு. உப்புப் பூ ஒண்ணோ ரெண்டோ எடுத்து வெந்நீர்ல போட்டா, பூ மெல்ல விரியும். அதைக் குடிக்கணும். நிச்சயதார்த்தம், கல்யாணத்துல டீக்குப் பதிலா இதைத்தான் கொடுப்பாங்களாம். காரணம், அவங்க மொழியில "டீயைக் கலங்க வைக்கிறது"ன்னா விஷயத்தை மழுப்புறதுன்னு அர்த்தம். நல்ல காரியத்துல அது ஆகாதுல்ல?

சரி, மதுரைக்கு வருவோம்.

சகுராவை ஜப்பான் கொண்டாடுற மாதிரி வேம்பை ஒரு அரசே தன் அடையாளமா வச்சிருந்தது இந்த ஊர்லதான். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தொல்காப்பியத்துலயே இந்த மூணும் வருது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். ஆனா மதுரை மறக்கல. சித்திரைத் திருவிழாவோட எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கும். கிரீடம் வச்சு, செங்கோல் கொடுத்து, கழுத்துல வேப்பம்பூ மாலை போடுவாங்க. மல்லிகைக்குப் பேர் போன ஊரு, 2013ல புவிசார் குறியீடே வாங்கின மல்லி இருக்கு. ஆனா ஊரை ஆளப் பொறுப்பேத்துக்கிற அன்னைக்கு அந்த அம்மாவுக்குப் போடுறது கசக்கிற பூ. இதை யோசிச்ச ஆள் பெரிய ஆள்.

சீசன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது எங்க அப்பத்தாகிட்ட. மேலூர் பக்கம் எங்க ஊர். வீட்டு முன்னாடி ஒரு வேப்பமரம், எங்க தாத்தா வச்சது. பங்குனி பாதியில, ராத்திரி கட்டிலை வெளிய போட்டுப் படுத்தா அந்த மணம் இறங்கி வரும். லேசா தேன் மாதிரி, ஆனா திகட்டாது. கசக்கிற மரத்துக்கு இந்த மணம் எப்படின்னு சின்ன வயசுல கேட்டதுக்கு அப்பத்தா சொன்ன பதில்: "உங்க அப்பன் மாதிரி தான்யா. பேச்சு கசக்கும்."

பூ எடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. மரத்துல ஏறிப் பறிக்கக் கூடாது. முதல் நாள் சாயங்காலமே அடியில கூட்டிப் பெருக்கி, பழைய வேட்டியையோ சேலையையோ விரிச்சு நாலு மூலையிலும் கல் வைக்கணும். ராத்திரி தானா உதிர்ற பூ துணியில விழும். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சுருட்டி எடுத்து, சொளகுல புடைச்சு, காம்பு, இலை, எறும்பு எல்லாம் நீக்கணும். அப்புறம் ரெண்டு மூணு நாள் காய்ச்சல். கையில எடுத்து நொறுக்கினா பொடியணும், அதுதான் பதம். ஒரு வேட்டி நிறைய விழுந்த பூ காய்ஞ்சா ஒரு சின்ன டப்பா கூட நிறையாது. ஒரு மரத்துக்கு மூணு வாரம், மிஞ்சிப் போனா நாலு. நடுவுல ஒரு கோடை மழை அடிச்சா போச்சு, நனைஞ்ச பூ கறுத்துடும்.

சில வீடுகள்ல பூவை உப்புப் போட்ட மோர்ல ஊற வச்சுக் காய வைப்பாங்க, மோர் மிளகாய் மாதிரி. சகுராவை உப்புல போடுற கதையைப் படிச்சப்போ எனக்கு டக்குன்னு ஞாபகம் வந்தது இதுதான். ரெண்டு ஊரு, சம்பந்தமே இல்லாத ரெண்டு பூ. மூணு வாரத்துல போயிடுற ஒண்ணை வருஷம் முழுக்க எப்படி வச்சுக்கிறதுங்கிற கேள்விக்கு ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச விடை உப்பு.

ரசம் வைக்கிற முறையைச் சொல்லிடறேன், ஏன்னா இதுல பேச்சிலர்ஸ் சொதப்புறது ஒரே இடத்துல. பூவை ரசத்துல போட்டுக் கொதிக்க விடுவாங்க. முடிஞ்சது கதை, கசப்பு மொத்தமும் இறங்கி கஷாயம் ஆயிடும். புளித்தண்ணி, உப்பு, மஞ்சள், பெருங்காயம், ஒரு சின்னத் துண்டு வெல்லம், எல்லாம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க வைங்க. பருப்பு வேண்டாம். அடுப்பை அணைச்சுட்டு, தனியா சின்னக் கரண்டியில நெய் விட்டு, கடுகு, காய்ஞ்ச மிளகாய், கடைசியா ஒரு கைப்பிடி பூ. அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வர்ற வரைக்கும் வறுக்கணும். கருகவும் கூடாது. அப்படியே ரசத்து மேல கொட்டி மூடிடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சாப்பிட்டா கசப்பு முதல்ல வராது. நெய் வரும், புளிப்பு வரும், முழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில லேசா ஒரு கசப்பு நிற்கும். அதுக்காகத்தான் இவ்வளவும்.

தமிழ் வருஷப் பிறப்பன்னைக்கு வைக்கிற பச்சடி உங்களுக்குத் தெரியும். மாங்காய், வெல்லம், மிளகாய், உப்பு, அதுல வறுத்த வேப்பம்பூ. மதுரையில தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய இருக்கிறதால உகாதிக்கே ஒரு ரவுண்டு பக்கத்து வீட்டுல இருந்து வந்துடும். இந்த வாழ்க்கைத் தத்துவம், ஆறு சுவை, சர்வரோக நிவாரணின்னு வாட்ஸ்அப்ல சுத்துறதுக்குள்ள நான் போகல. நல்லா இருக்கு, சாப்பிடுறேன். அவ்வளவுதான்.

அடுத்து குடிக்கிறது. சீசன் டிரிங்க்னு கேட்டா மதுரையில எல்லாரும் ஜிகர்தண்டான்னுவாங்க. எனக்கும் பிடிக்கும், ஆனா அது வருஷம் முழுக்கக் கிடைக்குது, தீபாவளிக்கும் கிடைக்குது. சீசன் பானம்னா சீசன் முடிஞ்சா கிடைக்கக் கூடாது. அந்தக் கணக்குல பார்த்தா பதநீர்தான்.

பதநீர் எங்க இருந்து வருதுன்னு கேட்டா நம்ம டீம்ல பாதிப் பேர் பனம்பழத்துல இருந்துன்னு சொன்னாங்க. இல்ல மக்களே, அதுவும் பூவோட விஷயம்தான். பனைமரத்தோட பாளை இருக்குல்ல, அது பூங்கொத்து. அதோட நுனியைச் சீவிச் சீவி விட்டா சொட்டுச் சொட்டா வடியும். அடியில கலயம் கட்டுவாங்க. கலயத்து உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா புளிக்காம பதநீரா இருக்கும், தடவலன்னா கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1லிருந்து தடை. ஆக நடுவுல இருக்கிறது ஒரு விரல் சுண்ணாம்புதான். பெண் பனையில இன்னொரு கணக்கு இருக்கு. பாளையைச் சீவினா பதநீர், சீவாம விட்டா நுங்கு. ஒரே பாளையில ரெண்டும் கிடைக்காது. ஒரு பனையேறி தினமும் காலையிலும் சாயங்காலமும் ஏறி இறங்கிப் பாளை சீவணும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ஞ்சுடும். லீவ் கிடையாது, வொர்க் ஃப்ரம் ஹோம் கிடையாது. ரோட்டோரம் பனை ஓலைப் பட்டையில நுங்கைப் போட்டுப் பதநீர் ஊத்திக் கொடுக்கும்போது பேரம் பேசாதீங்க, ப்ளீஸ்.

ஆக, பாண்டியன் பூவைச் சாப்பிடுறோம், சேரன் பூவைக் குடிக்கிறோம். சோழ ரசிகர்கள் மன்னிக்கணும், ஆத்திக்கு என்கிட்ட ரெசிபி இல்ல.

இலுப்பையை விட்டுட்டா பாவம். அதுவும் இதே நேரத்துலதான் பூக்கும். சதைப்பிடிப்பான, வெளிறின மஞ்சள் பூ, விடியக்காலையில உதிர்ந்து கிடக்கும், வாயில போட்டா இனிக்கும். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை"ன்னு சொல்றோமே, கிண்டல் இல்ல அது, உண்மையிலேயே சர்க்கரை. வட இந்தியாவுல மகுவான்னு இதோட சொந்தக்கார மரத்துப் பூவைக் காய வச்சுச் சேமிக்கிறாங்க. நம்ம பக்கம் கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் கொடுத்த மரம். நான் தின்னுருக்கிறது மொத்தமே ரெண்டு தடவை. இப்ப மரம் எங்க இருக்குன்னு தேடித்தான் போகணும்.

இதெல்லாம் சேர்ந்து வந்து முட்டுற இடம் சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணத்துக்கு சேதுபதி பள்ளிக்கூடத்துல ஊருக்கே விருந்து நடக்கும். பாரதியார் 1904ல கொஞ்ச காலம் வாத்தியாரா இருந்த அதே பள்ளி. சாமி கல்யாணத்துக்கு மொய் எழுதிட்டு வந்து பந்தியில உட்காருவாங்க, அசல் கல்யாண வீடு மாதிரி. அப்புறம் அழகர் மலையில இருந்து கிளம்பி சித்ரா பௌர்ணமிக்கு வைகையில இறங்குற வரைக்கும் வழி முழுக்க தண்ணீர்ப் பந்தல். நீர்மோர்ல கொத்தமல்லி, இஞ்சி. பானகத்துல வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. யார் கொடுக்கிறா, யார் குடிக்கிறான்னு ஒரு கேள்வியும் இல்ல, கையை நீட்டினா டம்ளர். சொம்புல சர்க்கரை நிரப்பி மேல சூடம் ஏத்தி அழகரை வரவேற்பாங்க, அந்தச் சர்க்கரையும் கை மாறி நம்ம வாய்க்கு வந்துடும். ஆபீஸ் டீமோட தார்ப்பாய்ல உட்கார்ந்து சாப்பிடுறது அழகுதான். முன்பின் தெரியாத ஒருத்தர் அடுப்பு மாதிரி கொதிக்கிற ரோட்டுல நின்னு நமக்குப் பானகம் நீட்டுறது எனக்கு அதை விடப் பெருசாத் தெரியுது. 2020, 2021ல கொரோனாவால பக்தர்கள் கூடுற திருவிழா இல்லாம போனப்போ, அந்த டம்ளர் இல்லாத சித்திரை எப்படி இருந்துச்சுன்னு மதுரைக்காரங்களைக் கேளுங்க.

இப்ப என் வேலைக்குப் பக்கத்துல வர்ற விஷயம். டேட்டா.

அழகர் 2024ல ஆத்துல இறங்கினது ஏப்ரல் 23. 2025ல மே 12. நிலாக் கணக்கு, அப்படித்தான் மாறும். ஆனா பூ நிலாவைப் பார்க்கிறதில்ல, வெயிலையும் மழையையும் பார்க்குது. அப்போ திருவிழா தள்ளிப்போற வருஷம் பட்டாபிஷேகத்தப்போ வேப்பம்பூ மரத்துல இருக்குமா? முன்னாடி எல்லாம் எப்ப பூத்துச்சு, இப்ப சீக்கிரமாப் பூக்குதா? தேடினேன். நம்ம தெருவுக்கு, நம்ம ஊருக்குன்னு ஒரு டைரி கூட என் கையில சிக்கல.

கியோட்டோவுல இருக்கு. அரண்மனைக் குறிப்பு, பிக்குகளோட நாட்குறிப்புன்னு எல்லாத்தையும் தோண்டி, செர்ரி முழுசாப் பூத்த தேதியை 812ஆம் ஆண்டுல இருந்து சேர்த்திருக்காங்க. யாசுயுகி அவோனோங்கிற ஆராய்ச்சியாளரோட வேலை அது. நடுவுல சில வருஷம் விட்டுப் போயிருக்கு, ஆனா 1200 வருஷ டேட்டாசெட். அதை வச்சுத்தான் 2021 மார்ச் 26ல பூத்தப்போ, பதிவுல இருக்கிறதுலயே இதுதான் முந்தினதுன்னு சொல்ல முடிஞ்சது. பூமி சூடாகுறதுக்கு ஒரு சாட்சியா உலகமே அதை எடுத்துக்குச்சு. டோக்கியோவுல யாசுகுனி கோயில் வளாகத்துல ஒரு குறிப்பிட்ட மரம் இருக்கு. அதுல அஞ்சாறு பூ விரிஞ்சா வானிலைத் துறை ஆள் வந்து பார்த்து, டிவி கேமரா முன்னாடி அறிவிப்பார்.

நமக்கு அது அப்படியே ஒத்து வராது, அதுக்கு நல்ல காரணம் இருக்கு. அங்க ஊரெல்லாம் இருக்கிற சோமெய் யோஷினோ செர்ரி எல்லாம் ஒட்டுப் போட்டு வளர்த்தது. ஒரே மரத்தோட நகல், நம்ம பாஷையில காப்பி பேஸ்ட். அதனாலதான் ஒரே வாரத்துல மொத்த ஊரும் பூக்குது. வேம்பு விதையில இருந்து வர்றது. காக்கா தின்னு போட்ட கொட்டையில முளைச்சதுதான் பாதி. ஒவ்வொண்ணும் தனி ஆள், தனி டைம். எங்க தெரு மரம் பூத்து முடிக்கும்போது பஸ் ஸ்டாப் மரம் ஆரம்பிக்கும். அதனால நமக்கு ஒரு மரத்துக் கணக்கு பத்தாது, நிறைய மரம் வேணும், நிறையக் கண்ணு வேணும்.

கண்ணு வேணும்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம். சில வருஷமா வேப்பமரம் நுனியில இருந்து தீஞ்ச மாதிரி பழுப்பாகிறதைப் பார்த்திருப்பீங்க. வெயில்ல காயுதுன்னு விட்டுடுறோம். ஃபோமாப்சிஸ்னு ஒரு பூஞ்சை கிளை நுனியைக் காய வைக்கும். தேயிலைக் கொசுன்னு சொல்ற ஒரு பூச்சி சாறு உறிஞ்சும். மரம் பெரும்பாலும் செத்துப் போறதில்ல, திரும்பத் துளிர்க்குது. ஆனா பூங்கொத்து வர்றது அந்த நுனியிலதான். நுனி போனா அந்த வருஷம் பூ போச்சு.

எங்க வீட்டு மரத்துக்கு வந்திருக்கிற சிக்கல் பூஞ்சை இல்ல, கார். சித்தப்பா கார் வாங்கியிருக்கார், ஷெட் போடணும். வேர் வேற திண்ணைச் சுவரை விரிசல் விட வச்சிருக்கு. அவர் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. தினமும் பூ, இலை, காக்கா எச்சம்னு கார் மேல விழுந்தா அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அப்பத்தா நேரடியா வேண்டாம்னு சொல்லல. "நான் இருக்க வரைக்கும் இருக்கட்டும்யா, அப்புறம் உங்க இஷ்டம்"னு மட்டும் சொல்லியிருக்கு. அதுக்கு இப்ப முழங்கால் மடங்கல, குனிஞ்சு பூ அள்ள முடியல. இந்த வருஷம் வேட்டி விரிச்சது நான். கட்டில்ல உட்கார்ந்து, "அந்த மூலையில கல் வைடா, காத்து தூக்கிரும்"னு ஆர்டர் மட்டும் அங்க இருந்து வந்துச்சு. நான் டேப் வச்சு அளந்து, ஷெட்டை நாலடி தெற்கே தள்ளினா மரம் தப்பிக்கும்னு ஒரு பிளான் வரைஞ்சு சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கேன். "பார்ப்போம்"னு பதில் வந்திருக்கு. எங்க குடும்பத்துல பார்ப்போம்னா ரெண்டு அர்த்தமும் உண்டு.

பூச்சி எது, எவ்வளவு மகசூல்னு கேட்டா அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆனா "உங்க அத்தை கல்யாணத்தப்போ மாசி கடைசியிலயே பூத்துருச்சு, பந்தலெல்லாம் பூ"ன்னு சொல்லும். அத்தை கல்யாணப் பத்திரிகையில தேதி இருக்கு. அது ஒரு டேட்டா பாயிண்ட். "நீ பொறந்த வருஷம் மழை அடிச்சு ஒரு பூ தேறல." அது இன்னொண்ணு. இப்படி உட்கார்ந்து கேட்டுக் கேட்டு இதுவரைக்கும் ஏழு வருஷம் தேத்தியிருக்கேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்க. கேட்டு எழுதி வைங்க. இனிமே வர்ற வருஷங்களுக்கு சீசன்வாட்ச்னு ஒரு இந்தியத் திட்டம் இருக்கு. நம்ம பக்கத்து மரம் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, துளிர், பூ, காய் எல்லாம் வாரா வாரம் பதிவு பண்ணலாம். பள்ளிக்கூடப் பசங்க நிறையப் பேர் பண்றாங்க. ரெண்டு நிமிஷ வேலை.

சிட்டிக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மெயின் ரோட்டு மரத்துப் பூவை எடுக்காதீங்க, புகையும் தூசியும் படிஞ்சிருக்கும். மொட்டை மாடிக்கு மேல கிளை நீட்டுற மரம் இருந்தா அதிர்ஷ்டம், மாடியைக் கழுவி விட்டுத் துணி விரிச்சுடுங்க. இல்லன்னா கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகள்ல காய்ஞ்ச பூ கேட்டுப் பாருங்க. வாங்கும்போது காம்பு கம்மியா இருக்கான்னு பார்த்து, கையில கசக்கி மோந்து பாருங்க. பழசுன்னா மணமே இருக்காது.

டோக்கியோ பையனுக்கு இந்த வருஷப் பூ ஒரு சின்ன டப்பா பார்சல் போட விசாரிச்சேன். காய்ஞ்ச செடி, பூ எல்லாம் அந்த நாட்டுக்குள்ள போக ஏகப்பட்ட விதி. அதனால அவன் மே மாசம் லீவுக்கு வர்றப்போ நேரா மேலூர் கூட்டிட்டுப் போய் ரசம் ஊத்துறதா முடிவு. அவன் வரும்போது உப்புல போட்ட சகுரா பூ ஒரு பாக்கெட் கொண்டு வர்றானாம். சகுராயு போட்டு அப்பத்தாவுக்குக் கொடுத்து, அது என்ன சொல்லுதுன்னு ரெகார்ட் பண்ணி அடுத்த எபிசோட்ல போடுறேன். உங்க தெரு வேம்பு இந்த வருஷம் என்னைக்கு முதல் பூ விட்டுச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஊர்ப் பேரோட. என்னோடது: மேலூர் பக்கம், ஒரு மரம், மார்ச் 19.